நூல் விலை கேட்காத எண்

இது நடந்தது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நேரங்களில் ஒரு நொடிகூட மாற்றவில்லை. அவை சர்வரே எழுதி வைத்தவை.

துடியலூரில் ஒரு சின்ன நிறுவனம். விசைத்தறிக்காரர்கள் ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டால், முன்பே பதிவு செய்த சொற்களைக் கோத்து, அன்றைய நூல் விலையை ஒரு பெண்குரல் சொல்லும். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்வது பூஜிதாவின் வேலை. யார் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு, எந்தப் பட்டனை அழுத்தினார்கள் என்பதெல்லாம் லாக் என்கிற சர்வர் பதிவேட்டில் வரிவரியாக விழும். தினமும் அதைப் படிப்பாள். வாய் திறக்கவே கூச்சப்படுகிறவளுக்குத் தோதான வேலை.

அவளுக்கும் யஷ்வந்துக்கும் நிச்சயமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் முன்பு அதே நிறுவனத்தில் இருந்தவர். அந்த விலை எண்ணை அமைத்ததே அவர்தான். இப்போது போத்தனூரில் அப்பாவின் மில்லைக் கவனிக்கிறார். குரல் கொடுத்த பெண்ணைப் பூஜிதா பார்த்ததில்லை. இவள் வேலைக்குச் சேரும்போதே அந்தப் பெண் அங்கே இல்லை.

ஜூன் 17, செவ்வாய். லாகில் ஒரு வரி கண்ணை உறுத்தியது. விலையைக் கேட்டு முடிக்க எழுபது நொடி போதும். ஒருவர் இருபத்திரண்டு நிமிடம் கேட்டிருந்தார். ஒரு பட்டனையும் அழுத்தவில்லை.

பக்கத்து இருக்கை மிதுன் எட்டிப் பார்த்தான். "ரசிகருங்க அம்மணி! அந்தப் புள்ள சொன்னா நூல் விலை ஏறுனாக்கூட இனிக்குமுங்க."

பூஜிதா அந்த எண்ணைத் தன் கைப்பேசியில், எண் யாருடையது என்று காட்டும் செயலியில் போட்டுப் பார்த்தாள். பெயர் வந்தது. யஷ்வந்த். தாடி வைத்த பழைய படம். அவளிடம் இருந்த எண் அது இல்லை.

அவளிடம் தினமும் நாலு நிமிடம்தான் பேசுவார். சாப்பிட்டியா, தூக்கம் வருதா, வெச்சுடட்டா. அவ்வளவுதான்.

பழைய லாகுகளை எடுத்தாள். தினமும் மதியம் 1:10:04. ஞாயிற்றுக்கிழமையும் 1:10:04. ஜூன் 11 அன்று மின்சாரம் போய், யு.பி.எஸ்ஸும் தீர்ந்து, 12:50 முதல் 1:40 வரை சர்வரே அணைந்து கிடந்தது. அன்றும் அந்த வரி இருந்தது. 1:10:04.

அணைந்த சர்வரில் அதை எழுதியது யார்? வேறு நாளாக இருந்தால் அவள் பயந்திருப்பாள். அன்று தோன்றியது ஒன்றுதான்... ஒரு நாள்கூட விடவில்லையே இவர்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டாள். "வாங்க, வணக்கமுங்க..." சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். தனக்கு ஏழு பிறவிக்கும் வராது என்று தெரிந்தது.

புதன்கிழமை ஒரு பொறி வைத்தாள். அந்த எண் கூப்பிட்டால் மட்டும் விலை ஒலிக்காது. அவள் குரல் ஒலிக்கும். பிறகு பதில் பதிவாகும். குரல் நடுங்கியதால் மூன்று முறை பேச வேண்டியிருந்தது.

"யஷ்வந்த், தினமும் யாரைத் தேடிக் கூப்பிடறீங்க?"

வியாழன். மிதுன் சாப்பிடப் போயிருந்தான். அறையில் அவள் மட்டும்.

1:10:04. அழைப்பு வந்தது.

1:10:06. அவள் குரல் ஒலித்தது.

1:10:11. பதில் பதிவாகத் தொடங்கியது.

1:10:52. முடிந்தது.

பதிவைத் திறந்தாள். முதலில் மின்விசிறிச் சத்தம்... டக்... டக்... டக்.

தலையைத் தூக்கினாள். மேலே ஓடிய விசிறியும் அப்படித்தான் சத்தம் போட்டது.

பிறகு நாற்காலி இழுபடும் ஓசை. பிறகு அந்தக் குரல். விலை சொல்லும் அதே குரல்.

"அவரில்லீங்க அம்மணி... நான்தாங்க."

அந்தக் குரலே தொடர்ந்தது.

"நானும் அவரைத்தான் தேடறனுங்க. புது நம்பர் தெரியலீங்க... உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

பூஜிதா பயப்படவில்லை. யஷ்வந்தின் போனை அந்தக் குரல்காரி வைத்திருக்கிறாள்! அவர் சொல்லப்போகும் பதில் பதிவாகட்டும் என்று, தன் கைப்பேசியை விட்டுவிட்டு, சர்வர் வழியாகப் போகும் மேசைத் தொலைபேசியில் அவருடைய புது எண்ணை அழுத்தினாள்.

"உங்க இன்னொரு போன்ல ஒரு பொண்ணு பேசறாங்க."

"எந்தப் போன் பூஜி?"

எண்ணைச் சொன்னாள்.

"அது சித்திகாகிட்ட இருந்த சிம். என் பேர்ல வாங்கிக் குடுத்தது. உங்க விலை எண்ணுக்குக் குரல் குடுத்தவங்க."

"இப்ப எங்கிருக்காங்க?"

"இல்ல பூஜி... கொரோனா ரெண்டாவது அலையில போயிட்டாங்க. அந்த நம்பரும் அப்பவே கட்டாயிருச்சு. நானும் என் நம்பரை மாத்திப்போட்டேன்."

விசிறி டக் டக்கென்றது. அவர் பயப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் மெதுவாகக் கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

அந்தக் குழைவை இரண்டு மாதத்தில் ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை. மதியம் மிதுனைப் போக விடவில்லை. டப்பாவைத் திறந்து அங்கேயே சாப்பிட்டான்.

1:10:04.

பழைய எண் வரவில்லை.

திரையில் வேறு வரி விழுந்தது. வெளியே போகும் அழைப்பு. கூப்பிடும் இடம், பூஜிதாவின் மேசை. போகும் எண், நேற்று அவள் அதே தொலைபேசியில் அழுத்திய யஷ்வந்தின் புது எண்.

அவள் மேசைத் தொலைபேசியைப் பார்த்தாள். ரிசீவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

1:10:09. எடுத்துவிட்டார்.

"மிதுன்... இங்க பாருங்க."

அவன் பார்த்தான். வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. "ஏனுங்க... நீங்க போனையே தொடலியே..."

ஐந்து நிமிடம். பத்து. இருபது.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். டயல் டோன் இல்லை. யாரோ பேச்சை நிறுத்திக்கொண்டது போல... ஒரு மூச்சு.

வைத்துவிட்டாள்.

1:51:26. வரி முடிந்தது. நாற்பத்தொரு நிமிடம், பதினேழு நொடி.

அன்று மாலை அவர் கூப்பிட்டார். வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார்.

"மத்தியானம் உங்களுக்கு யாராச்சும் போன் பண்ணாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லியே பூஜி," என்றார் யஷ்வந்த். "ஆருமே பண்ணலியே."