கதவடைத்த கைகள்

எஸெல் மாமாவின் வேலை கொல்வது. சிகாகோ இறைச்சிக் கூடத்தில், பின்னங்காலில் சங்கிலி மாட்டித் தலைகீழாக வரும் பன்றிகளின் கழுத்தில் கத்தியை இறக்குவார். ஒன்று துடித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். வீடு திரும்பும்போது காதுமடலுக்குள்கூட ரத்தம் காய்ந்திருக்கும். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து வந்து எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அந்தக் கத்தியை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதவும் மனமில்லை.

மாமாவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு சத்தம். மேக்ஸ்வெல் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில், வறுத்த வெங்காயப் புகைக்கு நடுவே, ஹோசியா க்ரம்ப் மவுத் ஆர்கனில் எழுப்பும் சத்தம். அடிவாங்கிய மனிதன் அழமாட்டேன் என்று பல்லைக் கடிப்பதுபோல இருக்கும் அது. க்ரம்ப் இடது கையில் ஆர்கனைப் பிடித்து, வலது கையால் வாயோடு சேர்த்து மூடிவிடுவான். அந்தக் கை திறந்து மூடும்போது சத்தமும் விம்மித் தணியும். உள்ளே உதடு என்ன செய்கிறது, நாக்கு என்ன செய்கிறது என்று ஒருவரும் பார்க்க முடியாது. தெருவில் அவனுக்குக் ‘கதவடைச்சான்’ என்று பெயர்.

மூன்று வருடம் மாமா அவன் முன்னால் நின்று பார்த்தார். க்ரம்ப்பின் கிட்டார்காரன் லெமாண்ட் எப்போதும் ‘ஈ’ சுருதியில்தான் வாசிப்பான். சுருதிக்குத் தனித்தனி ஆர்கன் உண்டு; அதனால் மாமாவும் ‘ஈ’ என்று எழுத்துப் பொறித்த ஆர்கனை வாங்கினார். குளியலறையில் உட்கார்ந்து கன்னம் வலிக்க ஊதினார். சுருதி சேர்ந்தது. சத்தம் மட்டும் சேரவில்லை.

க்ரம்ப் வாசிக்கும் அந்தத் தெருமுனையில் ஒரு சட்டம் உண்டு. யார் வேண்டுமானாலும் க்ரம்ப்போடு வாசித்து மோதலாம். கூட்டம் யாருக்கு முதுகைக் காட்டுகிறதோ அவன் தோற்றவன், தன் ஆர்கனைத் தரையில் வைக்க வேண்டும்; ஜெயித்தவன் அதை மிதிப்பான். 1949 அக்டோபரில் மாமா மோதினார்.

பத்து வரி வாசித்திருப்பார். கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்: “ஐயோ, யாருக்குப்பா பொறந்தநாளு? கேக்கை வெட்டுங்க!”

க்ரம்ப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “டேய் பன்னிக்கத்தி! நீ குத்துற பன்னி உன்னைவிட நல்லா பாடும்டா. அதைக் கூட்டிட்டு வா, அதோட மோதுறேன்.”

முதுகுகள் திரும்பின. மாமா ஆர்கனைத் தரையில் வைத்தார். க்ரம்ப் குதிகாலால் மிதித்தான், போதாதென்று திருகினான். உள்ளிருந்த பித்தளை நாக்குகள் மீன்முள்போலப் பிதுங்கின.

மாமா குனிந்து அவன் காலை வாரினார். மேலே ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினார். நான் இழுத்தேன், என் மூக்கிலும் ஒன்று விழுந்தது. க்ரம்ப்பின் சட்டைப் பையிலிருந்து சவரக்கத்தி வந்ததை நான் பார்க்கவில்லை. மாமாவின் மேலுதடு மூக்குவரை இரண்டாகப் பிளந்து தொங்கியதைத்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பதினோரு தையல். மரத்துப்போக ஊசி போட்ட பிறகும் அவருடைய இடது முஷ்டி விரியவில்லை. நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். உள்ளே க்ரம்ப்பின் ஆர்கன்.

அதில் எழுத்து இல்லை. சுருதி எழுத்து இருக்க வேண்டிய இடத்தை அரம் வைத்து ராவியிருந்தான்.

வெர்னெல் அத்தை தேவாலயத்தில் பியானோ வாசிப்பவள். க்ரம்ப் வாசிக்கும் புளூஸ் இசை அவளுக்குப் பிசாசின் பாட்டு. ஆனாலும் மாமா தையல் போட்ட வாயோடு ஆர்கனை நீட்டி நின்றபோது, பியானோ மூடியைத் திறந்தாள். அவரால் ஊத முடியாததால் நான் ஊதினேன். அத்தை ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தாள்.

“இது ‘ஏ’. ‘ஈ’யே இல்லை.”

“அவன் பாட்டு ‘ஈ’யிலதானே அத்தை?”

“ஊதாதே. உள்ளே இழு. ரெண்டாவது ஓட்டை.”

இழுத்தேன். பியானோவின் ‘ஈ’யும் அதுவும் ஒன்றாக நின்றன. அத்தை கட்டையிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

“படுபாவி! ஊரே ஊதுற இடத்துல அவன் உறிஞ்சுறான்.”

மாமா சுவரில் தலையை முட்டினார். சிரித்தாரா அழுதாரா தெரியாது. தையல் பிரிந்து ரத்தம் வழிந்தது.

உதடு கோணலாகத்தான் ஆறியது. குவித்து ஒரே ஓட்டையில் பிடிக்க முடியாமல் காற்று ஒழுகியது. அதனால் மற்ற ஓட்டைகளை நாக்கால் அடைத்து, வாயின் ஓரத்தால் ஒன்றை மட்டும் இழுக்கப் பழகினார். இழுக்கும்போதே தொண்டையை இறக்கிச் சுரத்தை வளைத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் யாரோ அடிவாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

ஏப்ரலில் திரும்பிப் போனார். லெமாண்ட் ‘ஈ’யில் ஆரம்பித்தான். மாமா மூச்சை உள்ளே இழுத்தார்.

யாரும் கேக் கேட்கவில்லை. அதே பெண் வாயில் வைத்த ரொட்டியைக் கடிக்காமல் நின்றாள். பிறகு ஒவ்வொருவராக க்ரம்ப்புக்கு முதுகைக் காட்டினார்கள்.

“என் ஆர்கன்டா அது! என் ஆர்கனை வச்சே என்னையா?” என்று கத்தியபடி க்ரம்ப் சவரக்கத்தியோடு பாய்ந்தான்.

நாளெல்லாம் துடிக்கும் கால்களைப் பிடிக்கிறவர் மாமா. மணிக்கட்டைப் பிடித்து, நடைபாதைக் கல்லின் விளிம்பில் அந்தக் கையை வைத்து, பூட்ஸால் மிதித்தார். போதாதென்று திருகினார். ஈரச் சுள்ளி ஒடிவதுபோல மூன்று சத்தம் கேட்டது.

வலது கை. கதவடைக்கும் கை.

அந்த முனை மாமாவுக்கு வந்தது. ஆனால் நான்கே வாரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. மூச்சு வந்தது, நாக்கு வந்தது, வளைவு வந்தது. அந்த விம்மல் மட்டும் வரவில்லை. எந்த விரல் முதலில் திறக்கும், உள்ளங்கை எவ்வளவு குழியும் என்று எத்தனையோ விதமாகச் செய்து பார்த்தார். பார்த்துப் படிக்க அந்த ஒரு கைதான் இருந்தது. அதை அவரே ஒடித்துவிட்டார்.

இலையுதிர்காலத்தில் க்ரம்ப் வந்தான். அதே முனையில் சாக்கு விரித்து ஷூ நாடா விற்றான். வலது கை காக்காய்க் கால்போலச் சுருண்டிருந்தது. மாமா அவன் முன்னால் குந்தினார்.

“அந்தக் கை வித்தை. எப்படின்னு சொல்லு, க்ரம்ப்.”

க்ரம்ப் கையை அவர் மூக்குக்கு நேரே தூக்கினான். “நல்லா பாத்துக்கடா, பன்னிக்கத்தி. கதவு தொறந்துதான் கெடக்கு.”

மாமா அவனுடைய ஆர்கனை அவன் இடது கையில் வைத்தார். க்ரம்ப் வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு வாயில் வைத்து இழுத்தான். சத்தம் மூடாமல், தோல் உரித்த உடம்புபோல வெளியே வந்தது. மாமா தன் வலது கையை மெல்ல நீட்டி, அவன் வாய்மேல் கதவாக வைத்தார். ஒரே ஒரு முறை, அந்தக் கைக்குள் சத்தம் விம்மியது.

அடுத்த நொடி க்ரம்ப் ஆர்கனை விட்டுவிட்டு மாமாவின் கட்டைவிரல் அடிச்சதையைக் கடித்தான். தாடை இறுகியது. ரத்தம் ஷூ நாடாக்கள்மேல் சொட்டியது. நான் அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன்.

“விடுடா, அவனை விடு,” என்றார் மாமா என்னிடம்.

அவர் கையை இழுக்கவில்லை. எலும்புவரை கடிக்க விட்டார்.

இப்போதும் அவர் வாசிப்பதைக் கேட்க ஆட்கள் வருகிறார்கள். ஆர்கன் இடது கையில் இருக்கும். பல்தடம் பதிந்த வலது கை பக்கவாட்டில் சும்மா தொங்கும்.