அண்ணைக்கு நித்திரை வந்த விதம்

அண்ணைக்கு நித்திரை வரவில்லை. இரவிலும் வரவில்லை, பகலிலும் வரவில்லை. கட்டிலில் கிடந்தபடி முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் கண்ணை மூடுங்கோவன் அண்ணை" என்று கெஞ்சுவேன். எனக்காக மூடுவார். நான் வாசலைத் தாண்ட முதல் திறந்துவிடுவார். நோவுக்கு மருந்து கொடுத்து, நோ அடங்கிய பிறகும் இதே கதைதான். ஒரு மனிதன் எத்தனை நாளைக்கு நித்திரை இல்லாமல் கிடப்பது? எனக்கு அழுகை வந்தது.

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மகள் டிலானி மறைக்கல்வி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டாளாம். "பெரியப்பாவுக்குச் சுகம் வேணும் எண்டு நாங்கள் எல்லாரும் செபம் செய்தனாங்கள்தானே சிஸ்டர், ஆண்டவருக்குக் கேக்கேல்லையோ?" சிஸ்டர் அந்தக் கேள்வியை என்னிடம் அனுப்பிவிட்டார். "வீட்டிலை வைச்சுப் பாத்தது நீங்கள். நீங்களே பிள்ளைகளுக்கு எழுதுங்கோ" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அண்ணையை நெடுந்தீவில் எங்கள் கரையில் தெரியாதவர் இல்லை. கலியாணம் செய்யவில்லை. என்னோடும் என் மனைவி றெஜினாவோடும்தான் இருந்தார். எனக்கு மட்டும் அண்ணை அல்ல, வயதில் மூத்தவர்களும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். சிறு வயதில் தொடங்கி வள்ளம் ஓட்டியவர். வாய் சும்மா இருக்காது. கோயிலில் சுவாமி பிரசங்கத்தை நீட்டினால், "சுவாமி, மீன் பழுதாப்போகும்" என்று பின்னால் இருந்து மெல்லச் சொல்லுவார்.

போன வருடம் தவக்காலம் தொடங்கும்போது அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது ஈரலுக்கும் பரவிவிட்டது. டொக்டர் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, "இனிமேல் மருந்து ஏத்தி அவரின்ர உடம்பை வருத்த வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு போங்கோ. நோ இல்லாமல் வைச்சிருக்கிறதுக்கு வழி இருக்கு. உங்கட தீவுக்கு ஒரு மிஸ்ஸி வந்து பார்ப்பா" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியில் வந்து மதிலோடு சாய்ந்து நின்றேன். வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்புகிறார்கள் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். "ஆண்டவரே, நீரும் கைவிட்டிட்டீரோ?" என்று கேட்டேன்.

அண்ணைக்கு மட்டும் சந்தோசம். குறிகட்டுவான் துறையில் நாலு பேர் அவரைக் கதிரையோடு தூக்கி வள்ளத்தில் ஏற்றினோம். "இவ்வளவு காலம் ஓடின கடலிலை இண்டைக்குத்தானடா ராசா மாதிரிப் போறன்" என்றார். பாதி தூரம் போனதும் ஓட்டியைப் பார்த்து, "தம்பி, அலையைக் குறுக்காலை வெட்டாதை. நான் நோயிலை சாகவேணும், உன்ர ஓட்டத்திலை சாகக்கூடாது" என்றார். வள்ளத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

அந்தத் தாதி மிஸ்ஸியின் பெயர் சுகந்தி. கிழமைக்கு ஒரு முறை வள்ளத்தில் வந்து, துறையிலிருந்து வெயிலில் நடந்தே வீட்டுக்கு வருவா. நோவுக்குக் குடிக்கிற தண்ணி மருந்து கொண்டு வந்தா. அதைக் கண்டதும் றெஜினா பயந்துவிட்டாள்.

"மிஸ்ஸி, இந்த மருந்தைக் குடுத்தால் ஆள் கெதியாப் போயிடும் எண்டு சனம் சொல்லுது."

"சனம் சொல்லும். சனத்துக்கு நோகேல்லைத்தானே, அம்மா?" என்றா மிஸ்ஸி. "சொல்லித்தாற அளவைச் சொல்லித்தாற நேரத்துக்குக் குடுங்கோ. நோ வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம். ஏதும் சந்தேகம் எண்டால் எனக்குப் போன் அடியுங்கோ."

அவரை எப்படிப் பக்கம் திருப்புவது, முதுகில் புண் வராமல் எப்படிப் பார்ப்பது, வாய் காய்ந்தால் பஞ்சில் தண்ணீர் தொட்டு எப்படி நனைப்பது, எல்லாம் காட்டித்தந்தா. சாப்பாட்டைத் திணிக்க வேண்டாம், கேட்டால் கேட்டதைக் கொடுங்கள் என்றா. அண்ணை கேட்டது ஒடியல் கூழ். மூன்று கரண்டி குடித்துவிட்டு, "றெஜினா, உப்புக் காணாது. நான் வருத்தக்காரன் எண்டு உப்பிலையும் ஏமாத்திறியோ?" என்றார். நோ நன்றாகக் குறைந்துவிட்டது. அதுவே எனக்குப் பெரிய ஆசீர்வாதம்.

நித்திரை மட்டும் வரவில்லை.

நாங்கள் செய்யாதது இல்லை. அண்ணை படுத்திருக்கும் அறையின் சுவருக்கு வெளியே ஒரு பூவரசு நிற்கிறது. காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்த பிறகு, ஆட்கள் அதன் கீழே இருந்துதான் கிழிந்த வலைகளைப் பொத்துவார்கள். கடல்காரர் நாலு பேர் கூடினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. ஆனால் அண்ணை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் அங்கே இருக்கவில்லை. நான் கேட்காமலே வலைகளைத் தூக்கிக்கொண்டு தூரத்துக் கரைக்குப் போய்விட்டார்கள். அவ்வளவு மரியாதை. பக்கத்து வீட்டில் ரேடியோ போடவில்லை. நீங்களும் ஒழுங்கையில் பந்தடிப்பதை நிறுத்தினீர்கள். பார்க்க வந்தவர்கள் பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டு, குசுகுசு என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்கள். றெஜினா கோழியைக்கூட வளவின் மற்றப் பக்கத்தில் கட்டிவைத்தாள். ஒழுங்கை முழுக்க ஒரு சத்தம் இல்லை.

அந்த அமைதியில் அண்ணை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சில நேரம், "எல்லாரும் வந்திட்டாங்களோ?" என்று கேட்பார். ஆரைக் கேட்கிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. வருத்தத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்தோம்.

ஒரு நாள் செபமாலை முடிந்ததும் முழங்காலில் நின்றபடி ஆண்டவரிடம் வாய்விட்டே கேட்டேன். "ஆண்டவரே, சுகம் கேட்டுக் கேட்டு நான் களைச்சுப்போனன். அதை நீர் உம்மட விருப்பப்படி செய்யும். அண்ணைக்கு ஒரு நல்ல நித்திரை மட்டும் தாரும். அதுக்குமேலை நான் கேக்கமாட்டன்." இப்படி ஒவ்வொரு நாளும் கேட்டேன். டிலானியும் பக்கத்தில் நின்று "ஆமென்" என்பாள்.

அப்போதுதான் சோளகக் காற்று தொடங்கியது. கரையில் மணல் கிளம்பிக் கண்ணுக்குள்ளும் வாய்க்குள்ளும் அடித்தது. திறந்த கரையில் இருந்து வலை பொத்த ஏலாது. ஒரு காலை மனுவல் வந்து வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் றொபேட். இரண்டு பேரும் பழைய கூட்டாளிகள், பழைய சண்டைக்காரர்.

"தம்பி, காத்துக்கு இருக்க ஏலாமல் கிடக்கு. பூவரசுக்குக் கீழை இருக்கட்டே? மூச்சும் விடமாட்டம்" என்றார் மனுவல்.

சரி என்றேன். சொன்னபடி மூச்சு விடாமல்தான் தொடங்கினார்கள். கொஞ்ச நேரம் போனது. பிறகு குசுகுசுப்பு. குசுகுசுப்புக்குள்ளே ஒரு பழைய கதை வந்துவிட்டது.

அது என்ன கதை என்றால், பல வருடங்களுக்கு முன் மனுவலும் றொபேட்டும் ஒரே வள்ளத்தில் போய், நடுக்கடலில் எஞ்சின் நின்று, ஒரு பகல் முழுக்க நீரோட்டத்தில் இழுபட்டார்கள். மண்ணெண்ணெய்க் கானைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணைதான் தேடிப் போய்க் கட்டி இழுத்து வந்தார். கானை மறந்தது ஆர் என்ற வழக்கு இன்றைக்கும் முடியவில்லை.

"கானை எடுத்து வை எண்டு உனக்குச் சொன்னனான்."

"எனக்கோ? நீர் உம்மட மனிசிக்குச் சொல்லியிருப்பீர்."

"என்ர மனிசியை இழுக்காதை, றொபேட்!"

"நான் ஏன் இழுக்கிறன்? எங்களை இழுத்தது அண்ணையின்ர வள்ளம்!"

சத்தம் கூரையைத் தூக்கியது. வலை பொத்த வந்த மற்றவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். கட்டிவைத்த கோழியும் கத்தியது. நான் பதறிக்கொண்டு வெளியே ஓடினேன். கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயோ, மெல்ல!" என்றேன்.

உள்ளே இருந்து றெஜினா ஓடி வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"இஞ்சாருங்கோ... அண்ணை நித்திரை."

"என்ன?"

"நித்திரையப்பா. குறட்டை விடுறார். வந்து பாருங்கோ."

பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, பழைய அண்ணையாக நித்திரை கொண்டார். நான் வெளியே போய், வாயில் விரலை வைத்து, "அண்ணை நித்திரை கொள்ளுறார், தயவுசெய்து சத்தம் போடாதேங்கோ" என்றேன். எல்லோரும் டக்கென்று நிறுத்தினார்கள். ஒரு சத்தம் இல்லை.

உள்ளே இருந்து அண்ணையின் குரல் வந்தது.

"ஏனடா நிப்பாட்டினனீங்கள்? ஆரடா இன்னும் வரேல்லை?"

மனுவலுக்குத்தான் முதலில் விளங்கியது. வலையைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "என்ர மாதாவே" என்றார்.

பிள்ளைகளே, உங்களில் கடல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். எங்கள் கரையில் ஒரு வள்ளம் திரும்பி வராவிட்டால் ஒருவரும் வலை பொத்தமாட்டோம். கத்திக் கதைக்கமாட்டோம். எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்போம். மனுவலும் றொபேட்டும் இழுபட்ட அன்றும் அப்படித்தான் நின்றோம். கரை சத்தமாக இருந்தால் எல்லா வள்ளமும் வந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணை இவ்வளவு காலமும் இரவில் தொழில் செய்து, விடிய வந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் பகலில் படுத்தவர். நாங்கள் அன்பினால் ஒழுங்கை முழுவதையும் அமைதியாக்கிவிட்டோம். அவரோ ஆரோ கடலில் நிற்கிறார்கள் என்று இரவும் பகலும் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நானும் கடல்காரன்தான். ஆனால் கட்டிலில் கிடப்பவரைக் கண்டதும் நோயாளி என்றுதான் பார்த்தேன், கடல்காரர் என்று பார்க்கவில்லை.

மனுவல் சுவரோடு வாயை வைத்துக் கத்தினார். "எல்லாரும் வந்திட்டம் அண்ணை! கானைத்தான் இவன் விட்டிட்டு வந்திட்டான்!"

"நானோ?" என்றார் றொபேட். சண்டை திரும்பவும் தொடங்கியது. அண்ணை மத்தியானம் வரைக்கும் நித்திரை கொண்டார்.

நான் பூவரசைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆண்டவரிடம் நித்திரையைத்தான் கேட்டேன். அதைச் சண்டையாகக் கட்டி அனுப்புவார் என்று ஆருக்குத் தெரியும்?

அடுத்த கிழமை மிஸ்ஸி வந்தபோது ஒழுங்கை முனையிலேயே நின்றுவிட்டா. ரேடியோ பாடுகிறது, நீங்கள் பந்தடிக்கிறீர்கள், பூவரசுக்குக் கீழே சண்டை, உள்ளே அண்ணையின் குறட்டை. விசயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தா. "இந்த மருந்து எங்கட ஆஸ்பத்திரியிலை இல்லை. நல்லாக் குடுங்கோ. அதுக்காக என்ர மருந்தை நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்றா. நாங்கள் இரண்டையும் நிறுத்தவில்லை.

அதன் பிறகு அண்ணை இருந்த நாட்கள் எங்கள் வீட்டில் நல்ல நாட்கள். பார்க்க வந்தவர்கள் குசுகுசுக்கவில்லை. டிலானி பக்கத்தில் இருந்து வாய்ப்பாடு பாடமாக்கினாள். பிழை விட்டால் அண்ணை கண்ணை மூடியபடி திருத்துவார். ஒரு நாள் மனுவல் உள்ளே வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணை, அண்டைக்குக் கரையிலை கானைக் கண்டது நீங்கள்தானே. ஆர் விட்டதெண்டு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கோ."

"தெரியும்" என்றார் அண்ணை. "சொல்லமாட்டன். சொன்னால் உங்கட சண்டை முடிஞ்சிடும். பிறகு என்ர நித்திரைக்கு நான் எங்கை போறது?"

அண்ணை ஒரு காலை நேரத்தில் போனார். மிஸ்ஸி முதலே எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தா, மூச்சு இப்படி மாறும், பயப்படவேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டிருங்கள் என்று. சுவாமி வந்து எண்ணெய் பூசிச் செபம் செய்தார். வெளியே ஆட்கள் கதையை நிறுத்திவிட்டு எழும்பினார்கள். றெஜினா யன்னலால் எட்டிப் பார்த்து, "நிப்பாட்டாதேங்கோ, கதையுங்கோ" என்றாள். மனுவல் கானைப் பற்றித் தொடங்கினார். றொபேட் அழுதுகொண்டு மறுத்தார். அண்ணை கண்ணைத் திறக்கவில்லை. "எல்லாரும் வந்திட்டாங்களோ?" என்றார். நான் காதுக்குள் சொன்னேன், "ஓம் அண்ணை. எல்லாரும் வந்திட்டாங்கள்." அவர் நித்திரை கொண்டார். நோ இல்லை. பயம் இல்லை. அவருடைய சொந்தக் கட்டில்.

டிலானி, உன் கேள்விக்கு வருகிறேன். ஆண்டவருக்குக் கேட்டது, மகள். நான் சுகமும் கேட்டேன், நித்திரையும் கேட்டேன். நித்திரையைத் தந்தார். சுகத்தை ஏன் தரவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உனக்கு எழுதவும் மாட்டேன். சவ அடக்கம் முடிந்து வரும்போது மனுவல் சொன்னார், "கானை விட்டது ஆரெண்டு சொல்லாமலே போயிட்டார் அண்ணை. இனி அங்கை போய்த்தான் கேக்கவேணும்" என்று. நானும் ஆண்டவரிடம் கேட்க என் கேள்வியை அப்படி வைத்திருக்கிறேன். கோபமாக அல்ல. கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஆறுதலாகக் கேட்கலாம்.

முன்பெல்லாம் செபம் செய்துவிட்டு, நான் நினைத்த திசையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது எல்லாப் பக்கமும் பார்க்கிறேன். நீங்களும் பயப்படாமல் கேளுங்கள், பிள்ளைகளே. பெரியதையும் கேளுங்கள், ஒரு நித்திரை போன்ற சின்னதையும் கேளுங்கள். உங்கள் ஒழுங்கையில் ஆராவது வருத்தமாய்க் கிடந்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உள்ளே போய், அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவரிடமே கேளுங்கள்.

இதை எழுதும்போதும் பூவரசுக்குக் கீழே சண்டை நடக்கிறது. இன்றைக்கு றொபேட்டின் குரல்தான் மேலே நிற்கிறது. எல்லா வள்ளமும் வந்துவிட்டது. ஆண்டவருக்குத் தோத்திரம்.