கரீமாவுக்குத் தனித் தட்டு

பர்மாவில் போட்டாதாங் படகுத்துறைக்குப் போகிற வழியில் மண்பானை விற்கும் கரீமாவைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. தாய் த்வாண்டேக்காரி, பானை செய்கிற பர்மியக் குடும்பம். தகப்பனார் தமிழ் முஸ்லிம், அலைக்கரைப்பட்டினத்துக்காரர். இவள் தமிழும் பேசுவாள், பர்மியமும் பேசுவாள், கோபம் வந்தால் இரண்டையும் கலந்து பேசுவாள். நான் அவளுக்கு மேல்மாடி வீட்டுக்காரி, ரேவதி. அவளுடைய சண்டைகளுக்கெல்லாம் நான்தான் சாட்சி.

அந்த அலைக்கரைப்பட்டினத்து ஜனங்கள் ஐந்து நாட்டில் சிதறிக் கிடக்கிறார்கள். எல்லாரையும் சேர்த்துக் கட்டி வைக்க ‘ஐந்நாட்டுச் சபை’ என்று ஒன்று உண்டு. தலைமை பினாங்கில். படிப்புக்கு உதவி, வைத்தியத்துக்கு உதவி, மாப்பிள்ளை தேட உதவி, எல்லாம் செய்வார்கள். நல்ல சபைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தாய் வெளியாள் என்றால் பிள்ளையும் வெளியாள் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரீமாவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு முஜிபுர் ரஹ்மானைச் சபையிலிருந்தே நீக்கினார்கள். அந்த நல்ல மனுஷனும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மிச்சம் கரீமாவும் மகள் ஸமீராவும்.

சபைக்காரர்கள் வீட்டு விருந்துகளில் சஹன் என்று பெரிய தட்டம் வைப்பார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சோற்றில் கை போட்டுச் சாப்பிட வேண்டும். கரீமாவையும் கூப்பிடுவார்கள், மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவளுக்கு மட்டும் பூப்போட்ட பீங்கான் தட்டில் தனியாகச் சோறு வரும். “உனக்கு வசதியா இருக்கட்டும்னுதான் புள்ள” என்பார்கள். எனக்கும் அதே மாதிரித் தட்டுதான் தருவார்கள். நான் இந்து, அக்கம்பக்கத்துக்காரி, விருந்தாளி. கரீமா யாருக்கு விருந்தாளி?

இரண்டாயிரத்து மூன்றில் இந்தச் சபையை விட்டே விலக வேண்டும் என்று கிளம்பினார் பர்கத்துல்லா. வாளி, பூட்டு, ஆணி விற்கிற கடைக்காரர், குரல் மட்டும் கப்பல் சங்கு. “நம்ம புள்ளைக்கு யார் பொண்ணுன்னு பினாங்குல உக்காந்துக்கிட்டு எவனோ சொல்றதா? கரீமா மகளுக்கு ஒரு நியாயம் வேணாமா?” என்று தெருவெல்லாம் பேசினார். விலகக் கூடாது என்று எதிரே நின்றவர் வேறு யாருமில்லை, அவர் மனைவி நூர் பீவியின் அண்ணன் இனாயத்துல்லா. அவருடைய மகளைப் பினாங்கில் கட்டிக் கொடுத்திருந்தார். “அறுத்துட்டா நாளைக்கு என் மக யாரு மச்சான், வெளியாளா?” என்று கேட்பார் அந்த மனுஷன். அவரையும் தப்புச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கரீமாவுக்கு இதில் ஓர் ஆசை ஒளிந்திருந்தது. ஸமீரா லைங் தாயாவில் தையல் ஆலைக்குப் போய் வந்தாள். பர்கத்துல்லாவின் மகன் நியாஸ், ஆலை பஸ் வந்து நிற்கும் இடத்தில் தினமும் தற்செயலாக நிற்பான். சபையை விட்டு விலகினால் கல்யாணத்துக்குத் தடை இல்லை. “என் பொண்ணாவது சஹன்ல உக்காரட்டும் அக்கா” என்றாள் என்னிடம், பானைகளைத் துடைத்துக்கொண்டே.

தொண்ணூறில் நாடு போட்ட ஓட்டை ராணுவம் செல்லாமல் ஆக்கியது எல்லாருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, சபை ஓட்டு என்றதும் ஆண்களுக்குக் கை அரித்தது. கூட்டம் போட அனுமதி கிடைக்காது, நபி புகழ் பாடும் மவுலிது விருந்துக்குக் கிடைக்கும். ஆகவே விருந்து வைத்து, தலைக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்து, தின்ற கொட்டையைத் திரைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பானைகளில் ஒன்றில் போடச் சொன்னார்கள். ஒன்று ‘இருப்போம்’, மற்றது ‘விலகுவோம்’. அந்தப் பானைகளைத் த்வாண்டேயிலிருந்து படகில் கொண்டுவந்து கொடுத்தவள் கரீமா. கொட்டை போடும் உரிமை அவளுக்கு இல்லை. வேறெந்தப் பெண்ணுக்கும் இல்லை, அது வேறு கதை.

நாலே கொட்டை வித்தியாசத்தில் ‘விலகுவோம்’ கெலித்தது. அதோடு போச்சு நிம்மதி! பழத்தட்டு வாசலிலேயே இருந்ததால் சிலர் ரெண்டு மூன்று பழம் தின்று ரெண்டு மூன்று கொட்டை போட்டார்கள் என்றார் இனாயத்துல்லா. “உங்காளுதானே தீனிப்பண்டாரம்!” என்றார் பர்கத்துல்லா. மறுபடி ஓட்டு வேண்டும் என்று ஒரு கூட்டம், முடிந்தது முடிந்ததுதான் என்று ஒரு கூட்டம். மாரிச்சாமியின் டீக்கடையில் ஆளுக்கொரு பக்கம் குட்டி முக்காலி போட்டுக்கொண்டு, “மாரிச்சாமி, அந்தாளுகிட்டச் சொல்லு” என்றே பேசிக்கொண்டார்கள். டீ ஆற்றுவானா, தூது சொல்வானா அவன்? விருந்துகளில் சஹன் வைக்குமுன், “நீங்க இருக்குற கட்சியா, விலகுற கட்சியா?” என்று கேட்டு உட்கார வைக்கிற அளவுக்கு முற்றிப்போனது. எல்லார் வாயிலும் கரீமா பெயர். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் ஒருத்தர் இல்லை.

கெலித்த சந்தோஷத்தில் பர்கத்துல்லா வீட்டில் விருந்து. இனாயத்துல்லாவும் வந்திருந்தார், தங்கை வீடாயிற்றே. கரீமா புதுத் தமேன் லுங்கி கட்டி, ஸமீராவுக்குப் பூ வைத்து அழைத்து வந்தாள். பெண்கள் பக்கம் சஹன்கள் வரிசையாக வந்தன. கரீமா நகர்ந்து இடம் செய்துகொண்டு உட்கார்ந்தாள். நூர் பீவி வந்தாள், சிரித்தபடி. கையில் பூப்போட்ட தட்டு. அன்றைக்கு இரண்டு. தாய்க்கு ஒன்று, மகளுக்கு ஒன்று.

கரீமா எழுந்தாள், ஸமீராவின் தட்டை எடுத்தாள், நேராக ஆண்கள் பக்கம் நடந்தாள். ஐயோ, இவள் எங்கே போகிறாள் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். தட்டைப் பர்கத்துல்லா முன்னால் வைத்தாள்.

“பர்கத்து காக்கா, இது எந்தப் பானையில வுழுந்த கொட்டை?” அண்ணனைக் காக்கா, அக்காவை லாத்தா என்பது அவர்கள் வழக்கம்.

பர்கத்துல்லாவின் சங்குக் குரல் எங்கே போனதோ! “அது பொம்பளைங்க விஷயம் தங்கச்சி...”

“கொட்டை போட ஆம்பளை, தட்டு போட பொம்பளையா?”

எதிர்ப் பக்கத்திலிருந்து இனாயத்துல்லா கெக்கலி கொட்டிச் சிரித்தார். கரீமா திரும்பினாள். “நீங்க சிரிக்காதீங்க காக்கா. உங்க வீட்லயும் எனக்கு இதே தட்டுதான். பூ மட்டும் வேற.”

“இந்தத் தட்டுல சோறு திங்க என் பொண்ணு இந்த வீட்டுக்கு வர மாட்டா” என்று சொல்லிவிட்டு, பெண்கள் பக்கம் வந்து மகளை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வீட்டுக்கு வந்து தெம்பாகவா இருந்தாள்? குலுங்கிக் குலுங்கி அழுதாள். “வீம்புல பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டேனா அக்கா?” என்று கேட்டாள். ஸமீரா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். டீக்கடையில் இப்போது புதுச் சண்டை. கரீமா பண்ணியது சரியா, தப்பா? அதற்கும் இரண்டு பக்கம்.

நியாஸ் என்ன செய்தான் தெரியுமா? சத்தம் போடவில்லை, கோபித்துக்கொண்டு ஓடவில்லை. அவர்கள் வீட்டில் தினச்சோறும் ஒரே சஹனில்தான். மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவன், “எனக்கும் அந்தப் பூப்போட்ட தட்டு குடுங்கம்மா, வசதியா இருக்கும்” என்றான். தட்டை எடுத்துக்கொண்டு சன்னலோரம் தள்ளி உட்கார்ந்துகொண்டான். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நூர் பீவி கெஞ்சினாள், திட்டினாள், தட்டை ஒளித்து வைத்தாள். அவன் வாழையிலை வாங்கி வந்தான். பெற்ற பிள்ளை எதிரில் உட்கார்ந்து விருந்தாளி மாதிரித் தின்றால் எந்தத் தாய்க்குச் சோறு இறங்கும்?

பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கியிருப்பாள். ஒரு காலையில் பானைக் குவியலுக்கு நடுவே நூர் பீவி வந்து நின்றாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

“கெட்ட எண்ணத்துல வைக்கல கரீமா. எங்கம்மா வச்சாங்க, நானும் வச்சேன். என்னைக்கும் யோசிச்சுப் பார்க்கல.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப என் புள்ளை தனியாத் திங்கிறான். பார்க்க முடியல.”

“எனக்கு இருபது வருஷம் லாத்தா” என்றாள் கரீமா.

நூர் பீவி தலை குனிந்தாள். பிறகு, “பொண்ணு குடு” என்றாள்.

கல்யாணம் சபை மண்டபத்தில்தான். மண்டபம் சபைக்கா, விலகியவர்களுக்கா என்று அதற்கும் தனிச் சண்டை நடந்துகொண்டிருந்தது, இன்றைக்கும் நடக்கிறது. விருந்தன்று ஆண்கள் பக்கம் ஒரே கூச்சல். பர்கத்துல்லாவும் இனாயத்துல்லாவும் ஒரே சஹனில் உட்கார மாட்டோம் என்று நின்றார்கள். மாப்பிள்ளைக்கு வாப்பாவும் மாமாவும்! கேட்டுக்கொண்டிருந்த கரீமா, “அக்கா, அந்தப் பூப்போட்ட தட்டு ரெண்டையும் எடுத்துட்டுப் போய்க் குடுங்க. அவங்களுக்கு வசதியா இருக்கட்டும்” என்றாள்.

நான் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒரே சஹனில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபின் மறுபடி சபைச் சண்டையை ஆரம்பித்தார்கள், அது விடுமா?

நான் திரும்பி வந்தபோது மணப்பெண் ஸமீரா அடுத்த சஹனில் நாத்தனார்களோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சஹனைச் சுற்றி நூர் பீவி, இனாயத்துல்லாவின் மனைவி உம்மு சல்மா, நடுவில் கரீமா. என்னையும் இழுத்து உட்கார வைத்தார்கள். விருந்தாளி பக்கம் கறியைத் தள்ளுவது அவர்கள் மரியாதை. நூர் பீவி ஒரு துண்டைக் கரீமா பக்கம் தள்ளினாள். விடுவேனா என்று உம்மு சல்மா இரண்டைத் தள்ளினாள். “விலகினதாலதான் இந்தக் கல்யாணமே நடந்துச்சு மயினி” என்றாள் நூர் பீவி. “போடி, விலகாமலே நடத்தியிருக்கலாம்” என்றாள் உம்மு சல்மா. கறி குவிந்துகொண்டே போனது.

கரீமா தொடவில்லை.

“என்னடி, சாப்பிடு” என்றேன்.

“எந்தப் பக்கம் கை வைக்கணும்னே தெரியல அக்கா.”

நூர் பீவி அவள் கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தாள்.