ஜி.பி.எஸ்.ஸை நம்பிப் போன காதுகுத்து

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை ஒன்றில் நடந்தது இது. இடம், மலாக்கா மாநிலத்தில் சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே இருக்கும் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் கோவில்.

அப்போது எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இடைநிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்தேன். புக்கிட் காத்திலில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தம்பி குடியிருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, பழக்கத்தில் தம்பி. ஒரு சரக்கு ஏற்றுமதி ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் இருவரையும் சேர்த்தது சைக்கிள்தான். விடுமுறை வந்தால் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். மூவார், குவாந்தான், ஒருமுறை கோத்தா பாரு வரை போயிருக்கிறோம்.

தம்பியிடம் ஒரு வழக்கம் உண்டு. முச்சந்தி வந்தால் நிறுத்தி யாரிடமாவது வழி கேட்பார். வழி தெரிந்தாலும் கேட்பார். எதிரில் இருப்பவர் தமிழராக இருந்துவிட்டால் போச்சு. "நீங்க எந்தத் தோட்டம்?" என்று ஆரம்பித்து, அவருடைய சின்னம்மா யாருக்கு வாக்கப்பட்டார் என்பது வரை போய், கடைசியில் உறவாகிவிடும். அதற்குப் பிறகு தேநீர் குடிக்காமல் விடமாட்டார்கள். ஒரு நாள் பயணத்தில் பாதி நேரம் இதிலேயே போகும். புவியியல் படித்த எனக்கு, வழி கேட்பது ஏதோ தோற்றுப்போன மாதிரி இருக்கும்.

அந்த வருடம்தான் ஜி.பி.எஸ். கருவி வாங்கினேன். அப்போது அதெல்லாம் சாதாரண ஆட்கள் வாங்குகிற பொருள் இல்லை. படகு வைத்திருப்பவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடையைத் தேடி சிங்கப்பூருக்கே போனேன். கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று ஒல்லியாக, அழகாக இருந்தது. அதற்குத் தனியாக ஒரு பேட்டரி, அதையும் வீட்டில் வைத்துத்தான் ஏற்ற முடியும். மற்றது செங்கல் மாதிரி கனம். ஆனால் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் சாதாரண பேட்டரி போதும், மழைத் தண்ணீர் உள்ளே போகாது, வெயிலிலும் திரை தெரியும். செங்கல்லைத்தான் வாங்கினேன். சைக்கிளில் தூரம் போகிறவர்கள் யாராவது இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். தேர்ந்தெடுத்தது சரி. பயன்படுத்தத்தான் எனக்குப் புத்தி போதவில்லை.

இன்றைய கைத்தொலைபேசி போல அது சடக்கு, சாலை எதையும் காட்டாது. நாம் போகவேண்டிய இடத்தில் ஒருமுறை நின்று பொத்தானை அழுத்திப் பதிந்துவைக்க வேண்டும். பிறகு எங்கிருந்து பார்த்தாலும் அந்த இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஓர் அம்புக்குறி காட்டும். கீழே தூரம் போட்டிருக்கும். பறந்து போனால் எவ்வளவோ, அந்தத் தூரம். நடுவில் ஆறு இருக்கிறதா, மேடு இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இனி தம்பியின் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த அம்மாவுக்கு இவர் ஒரே தம்பி. அப்பாவின் கருமாதியன்று இருவருக்கும் ஒரு வார்த்தை தடித்து, பேச்சு நின்றுபோனது. வருடங்கள் ஓடின. அக்காவுக்கு நெடுநாள் குழந்தை இல்லாமலிருந்து, நாற்பதை நெருங்கும்போது ஒரு பெண் பிறந்தது. அந்தச் செய்திகூடத் தம்பிக்கு வேறு யார் மூலமாகவோதான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நானே காரை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் புருஷன் வேலை செய்யும் தோட்டத்துக்குத் தூது போனேன். அந்த அம்மா அதிகம் பேசவில்லை.

"கொழந்தைக்குக் காது குத்தப் போறோம் அண்ணே. மடியில வச்சிக்கத் தாய்மாமன் வேணும்லா. வரச் சொல்லுங்க" என்றார். "மொத நாளே பஸ்ல வந்துறச் சொல்லுங்க."

கோவில் வாசலில் நின்று கருவியில் அந்த இடத்தைப் பதிந்துகொண்டு வந்தேன்.

எங்கள் சைக்கிள் பயணமும் அதே வாரத்தில் வந்தது. ஈப்போவிலிருந்து தெற்கே இறங்குவதாகத் திட்டம். தம்பி, பாதியில் பஸ் ஏறிவிடுகிறேன் என்றார். நான் கேட்கவில்லை. கடைசி நாள் சிரம்பானிலிருந்து கிளம்பி நேராகக் கோவில் வாசலில் போய் இறங்குவோம், அதைவிட நல்ல முடிவு ஒரு பயணத்துக்கு உண்டா என்று பேசியே மடக்கினேன். சீர்த் தட்டுகளை என் மனைவி காரில் கொண்டுபோவதாக ஏற்பாடு. குழந்தைக்கு வாங்கிய தோட்டை மட்டும் தம்பி யாரிடமும் கொடுக்காமல் தன் சட்டைப்பையில் வைத்து ஊக்கு குத்திக்கொண்டார். நான் இன்னொரு நிபந்தனையும் போட்டேன். இந்தத் தடவை யாரிடமும் வழி கேட்கக் கூடாது. எல்லாம் கருவி பார்த்துக்கொள்ளும். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

உண்மையில் சிரம்பான் வரை அது நன்றாகவே உழைத்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே அங்கிருந்து புறப்பட்டோம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும், அதற்குள் காது குத்தவேண்டும். பத்து மணிக்குள் சிம்பாங் அம்பாட்டை நெருங்கிவிட்டோம். நான் முன்பு காரில் போனது மலாக்கா பக்கத்திலிருந்து. இந்தப் பக்கத்து வழி எனக்கும் புதிது. சடக்கு வலது பக்கம் வளைந்தது, அம்புக்குறி இடது பக்கம் காட்டியது. அங்கே ஒரு செம்மண் பாதை செம்பனைக்குள் இறங்கியது.

எதிரே ஒரு நாசி லெமாக் சோற்றுக்கடை. தம்பி காலை ஊன்றி நின்றார்.

"அண்ணே, அந்தக் கடையில ஒரு வார்த்தை கேட்டுக்குவோமே."

"கேக்கக் கூடாதுன்னுதானே பேச்சு? இந்தா பாரு, நாலு கிலோமீட்டர்கூட இல்ல."

"இன்னைக்கு ஒரு நாளாவது கேட்டுக்குவோம்ணே. அக்கா காத்துக்கிட்டு இருக்கும்."

"சீக்கிரம் போகத்தானே இந்த வழியா போறோம்?"

அவர் ஒரு நிமிடம் கடையையே பார்த்தார். "சரிலா. உங்க பெட்டி சொன்னா சரிதான்" என்று என் பின்னால் திருப்பினார்.

மழைக்காலம். கொஞ்ச தூரத்தில் சேறு சக்கரத்தை அப்பிக்கொண்டது. இறங்கித் தள்ளினோம். செம்பனை ஓலைகள் வானத்தை மூடிவிட்டதால் கருவிக்கு மேலேயிருந்து வரும் சிக்னல் கிடைக்கவில்லை, அம்புக்குறி மறைந்துபோனது. வெளிச்சம் விழுந்த இடங்களில் நின்று நின்று பார்த்தோம். தூரம் குறைந்துகொண்டே வந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் என்று காட்டிய இடத்தில், எதிரே அகலமான வாய்க்கால் ஒன்று செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. பாலம் இல்லை. அம்புக்குறி அக்கரையைக் காட்டியது.

தம்பி வாய்க்காலைப் பார்த்தார். "அண்ணே, உங்க பெட்டிக்கு நீச்சல் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்க்காலோரமாகவே போனால் பாலம் வரும் என்று அடம்பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளவைத்தேன். வரவில்லை. திரும்பினோம், திரும்பிய வழியும் குழம்பிப்போனது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மரங்கள்.  தம்பி சட்டைப்பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று சேற்றில் ஆடியபடி வந்தது. ஓட்டுநர் நம்மவர்.

"சைக்கிள தூக்கிக்கிட்டு எங்கண்ணே, சாமி ஊர்வலமா?"

தம்பி விஷயத்தைச் சொன்னார்.

"தாய்மாமனா நீங்க? அப்ப ஏன் நின்னு பேசிக்கிட்டு இருக்கீங்க, ஏறுங்கலா. குலை முள்ளு குத்தும், பாத்து உக்காருங்க." என் கையைப் பார்த்தார். "அது என்ன சார், ரேடியோவா?"

"வழி காட்டுற பெட்டி" என்றார் தம்பி.

"காட்டுச்சா?"

"இப்பத்தான் தூங்குது."

ஆலைக்குப் போகவேண்டிய லோரியைத் திருப்பிக்கொண்டு, சுற்றுவழியில் எங்களைக் கோவில் வாசலில் இறக்கிவிட்டார் அந்த மனிதர். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அப்போது பன்னிரண்டு தாண்டி வெகுநேரமாகியிருந்தது.

மேளக்காரர்கள் மேளத்தைக் கட்டிவைத்துவிட்டார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தது, காது குத்த வந்த ஆசாரியும் இலையில் உட்கார்ந்திருந்தார். அக்கா தூணோரம் குழந்தையைத் தோளில் போட்டு நின்றுகொண்டிருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம், அழுது களைத்துத் தூங்கிய முகம். எங்கள் பக்கம் தெரிந்த காதில் தங்கக் கம்பி மின்னியது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தம்பியும் அப்படித்தான் நினைத்திருப்பார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மணி என்ன தெரியுமாடா?" என்றார் அக்கா. பேச்சு நின்றபின் தம்பியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"டயர் பஞ்சர்க்கா."

"பஸ்ல வாடான்னேனே. சைக்கிள்ல வரச் சொன்னது யாரு?"

"நான்தான்க்கா. எனக்குத்தான் சைக்கிள் கிறுக்கு."

நான் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம், ஒரு வாக்கியம் போதும். இத்தனை பேருக்கு நடுவில், என்னை வாத்தியார் என்று மதிக்கும் ஆட்களுக்கு நடுவில், எனக்கு அது வரவில்லை.

அக்கா குழந்தையை மறுதோளுக்கு மாற்றினார். இப்போது தெரிந்த மற்றக் காது வெறுமையாக இருந்தது.

"நேரம் போகுதுன்னு பெரியவங்க விடல. இவரோட அண்ணன் மடியில வச்சி ஒண்ணு குத்திட்டாங்க. இன்னொண்ணு என் தம்பி வந்துதான்னு கொழந்தைய வாங்கிட்டேன்."

பந்தியிலிருந்து அவருடைய மாமனார் குரல் கொடுத்தார். "எமகண்டம் ஓடுதும்மா. இன்னொரு நல்ல நாள் பாத்துக்கலாம்."

"என் தம்பி வந்துட்டான் மாமா. இதுக்கு மேல நல்ல நேரத்துக்கு நான் எங்க போறது?"

 தம்பி தோட்டை எடுத்து அக்கா கையில் கொடுத்துவிட்டு, குழாயடியில் காலைக் கழுவி, யாரோ கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குழந்தை விழித்து, புது ஆளைப் பார்த்து, அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. ஆசாரி கை கழுவிவிட்டு வந்தார். ஊசி பட்டதும் குழந்தை துள்ளியது, துளை கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. குழந்தையைவிட அதிகமாக அழுதவர் தாய்மாமன்தான். அக்கா முந்தானையால் முதலில் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுப் பிறகுதான் குழந்தையைத் துடைத்தார்.

நான் சாப்பிட்டேன், இரண்டாம் முறை பாயசமும் வாங்கினேன்.

அதற்குப் பிறகும் நாங்கள் நிறைய ஊர் சுற்றினோம். தம்பி அன்று நடந்ததை ஒருநாளும் எடுத்ததில்லை. "அண்ணே, பெட்டிய மறந்துறாதீங்க" என்று அவரே ஞாபகப்படுத்துவார். நான் கருவியைப் பார்ப்பேன், அவர் கடையில் கேட்பார், இரண்டும் ஒத்துவந்தால் கிளம்புவோம். அவருடைய தேநீர் எனக்கும் பழகிப்போனது.

போன தீபாவளிக்கு அக்கா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். அந்தக் குழந்தை இப்போது கல்யாணமாகி மலாக்காவில் இருக்கிறாள். ஒரு தோடு சற்று மேலே ஏறித்தான் இருக்கும். அதைப் புருஷனிடம் காட்டி, மாமாவின் சைக்கிள் பஞ்சரான கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எண்பது ஆகப்போகிறது. இனியும் பொறுக்க முடியவில்லை. பஞ்சரெல்லாம் இல்லை, நான்தான் வழி கேட்கவிடாமல் செம்பனைக்குள் இழுத்துப்போனேன் என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன்.

தம்பி முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "அண்ணனுக்கு வயசாச்சுலா, ஞாபகம் மாறுது. பஞ்சர்தான். நான்தானே தள்ளிக்கிட்டு வந்தேன்."

எல்லாரும் அவரைத்தான் நம்பினார்கள். அக்கா என் தட்டில் இன்னொரு அதிரசம் வைத்தார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கக்கூட விடாமல் ஒரு மனிதர் இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார், அந்தக் கடனைத் தீர்க்க எனக்கு வழி தெரியாவிட்டாலும், அப்படி ஒருவருக்குக் கடன்பட்டிருப்பதே என் வாழ்நாளின் பெரிய பேறு என்று மட்டும் தெரிகிறது.