தாழ்ப்பாள் இல்லாத அலமாரி

எங்கள் வீட்டு அலமாரிக் கதவுகள் எல்லாவற்றிலும் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரும்புத் தாழ்ப்பாள் உண்டு. அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான். சுனாமி வந்த வருஷம் நிலம் ஆடிய ஆட்டத்தில் அலமாரிகள் வாயைப் பிளந்து பாத்திரத்தையும் துணியையும் நடுவீட்டில் கொட்டின. அதற்குப் பிறகு அலமாரி என்றால் தாழ்ப்பாள் என்பது இங்கே சட்டம் மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தை வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் என் கணவர். அரசாங்கக் கட்டட வேலைகளை மேற்பார்த்தவர் என்பதால் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

உப்புக் காற்றில் அந்தத் தாழ்ப்பாள்கள் துருவேறி முரண்டு பிடிக்கும். நான் திட்டிக்கொண்டே இழுப்பேன். அவர் கதவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளி, விரலால் சுண்டித் திறந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. சென்னையில் வைத்தியம் பார்த்துக் கப்பலில் திரும்பி வந்தோம். மெல்ல மெல்லக் கம்பு ஊன்றி நடந்தார், இடது கையால் சாப்பிட்டார், பொத்தான் போடக்கூடக் கற்றுக்கொண்டார். நிதானமாகப் பேசினால் சொற்களும் வந்தன. ஆனால் தாழ்ப்பாள் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. கதவை ஒரு கை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை இழுக்க வேண்டும். அவருக்கு இருந்தது ஒரு கை.

தினமும் காலையில் அலமாரி முன்னால் நின்று என்னைக் கூப்பிடுவார். அவசரமாகக் கூப்பிட்டால் சொல் வராது, சத்தம்தான் வரும். நான் ஈரக்கையோடு ஓடிப் போய்த் திறந்து ஒரு சட்டையை உருவிக் கொடுத்துவிட்டு வருவேன். பிறகு ஒரு நாள் அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நாற்காலியில் கிடந்த பழைய சட்டையையே மாட்டிக்கொண்டார். சாயங்காலம் படகு நிற்கும் ஜெட்டிப் பக்கம் போய் நண்பர்களோடு உட்காருவதும் நின்றுபோனது. கேட்டால் அலுப்பாக இருக்கிறது என்றார். அலுப்பாவது மண்ணாவது. கசங்கின சட்டையோடு நாலு பேர் முன்னால் போக அவருக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாதா? கை போனது போகட்டும், மனுஷன் இப்படியே உள்ளே அடைந்து கிடந்தால் மிச்சமும் போய்விடும் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அடுத்த ஃபெரியில் அக்கரையில் இருக்கும் சாத்தம் துறைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பஜாருக்குப் போனேன். ராமநாதபுரத்துப் பாய் ஒருவர் வைத்திருக்கும் ஹார்டுவேர் கடை. உருண்டைக் குமிழ், வளைந்த கைப்பிடி, காந்தம், கொக்கி என்று என் முன்னால் பரப்பினார்.

“ஒத்தைக் கையால திறக்கணும் பாய். அதுவும் இடது கையால.”

“அப்ப இந்த வளைஞ்ச கைப்பிடியும் காந்தமும் போடுங்கக்கா. ஸ்டீலு, ஏக்தம் பக்கா. கடக்காத்து ஒண்ணும் செய்யாது. ஆனா ஒண்ணு, பூமி ஆடுச்சுன்னா காந்தம் தாங்காது. அப்புறம் என்னையத் திட்டக் கூடாது.”

“அவருக்கு எது தோதுன்னு தெரியாம எப்படி வாங்குறது?”

பாய் கொஞ்சம் யோசித்தார். பிறகு மாதிரிக்காகச் சுவரில் மாட்டியிருந்த பலகையையே கழற்றிக் கொடுத்துவிட்டார். கைப்பிடியும் குமிழும் தாழ்ப்பாளும் வரிசையாக முடுக்கிய பலகை. “அண்ணன் கையாலயே பாக்கட்டும். நாளைக்குக் கொண்டாந்துருங்க, தீக் ஹை?”

அதைத் தூக்கிக்கொண்டு ஃபெரியில் வந்தேன். பக்கத்தில் நின்ற பெண், “என்னக்கா, வெறும் கைப்பிடியா வாங்கிருக்கீங்க, கதவு மெயின்லேண்ட்லருந்து வருதா?” என்று கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் மடியில் பலகையை வைத்தேன். நான் நிற்கிறவரை அவர் அதைத் தொடவில்லை. அடுப்படிக்குப் போன பிறகுதான் சத்தம் கேட்டது. குமிழில் விரல் வழுக்கும் சத்தம், தாழ்ப்பாள் பாதியில் சிக்கும் சத்தம், மறுபடி மறுபடி அதே தாழ்ப்பாள். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தார். தாழ்ப்பாளைத் தொட்டுக் காட்டி, “இதையே போடு. ஆட்டம் வரும்” என்றார்.

“உங்களால திறக்க முடியாததையே போடச் சொல்றீங்களே, இது என்ன வீம்பு? ஊருக்குச் சொன்னது ஊரோட இருக்கட்டும். இது உங்க அலமாரி, உங்க சட்டை.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை. மறுநாள் பலகையைக் கொடுத்துவிட்டு வளைந்த கைப்பிடியும் காந்தமும் வாங்கி வந்தேன். பெங்காலித் தச்சு மிஸ்திரி வந்து அவருடைய அலமாரியில் மட்டும் பழைய தாழ்ப்பாள்களைக் கழற்றினார். “தாலா குச் நஹி, தீதி?” என்று, பூட்ட ஒன்றுமே வேண்டாமா என நம்பாமல் இரண்டு தரம் கேட்டார்.

மறுநாள் காலை என் கணவர் அவருக்குப் பிடித்த நீலச் சட்டையில் வெளியே வந்தார். சாயங்காலம் ஜெட்டிக்கும் போனார். நான் பார்க்காத மாதிரி குனிந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்தது. நறுக்கியது அவரைக்காய்தான், வெங்காயத்தின் மேல் பழி போட முடியாது.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் பூமி ஆடியது. தெருவே வெளியே வந்து நின்றது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முருங்கை மரத்தடியில் நின்றேன். அடங்கியதும் உள்ளே போனோம். மற்ற அலமாரிகள் மூடியபடி இருந்தன. அவருடையது மட்டும் விரியத் திறந்து, சட்டையும் வேட்டியும் தரையெல்லாம் கிடந்தன. எண்ணெய் பாட்டில் உடைந்து நாலைந்து சட்டைகள் பாழாகியிருந்தன.

அவர் சொன்னது நடந்துவிட்டது. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, “சரிங்க, நாளைக்கே மிஸ்திரியக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள மாட்டச் சொல்றேன்” என்றேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சட்டையை மடியில் பரப்பி இடது கையால் மடிக்க ஆரம்பித்திருந்தார். “வேண்டாம்” என்றார்.

“மறுபடி ஆடுனா?”

“ஆடட்டும். கொட்டினா... எடுத்து வச்சுக்கறேன்.”

“எதுக்கு இந்தப் பாடு? தாழ்ப்பாள் இருந்தா நான் வந்து திறந்து தர மாட்டேனா? ஒரு குரல் குடுத்தாப் போதாதா?”

அவர் மடிப்பை நிறுத்தினார். சொற்களைச் சேர்க்க நேரம் எடுத்தது. நான் காத்திருந்தேன்.

“அந்தக் குரல்... எனக்கே... கேக்கப் பிடிக்கல.”

கீழே கிடந்த துணியை அள்ளக் குனிந்த நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, எழுந்து போய் அடுக்கினார். முடிகிறவரை நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.