அட்டைக்குப் பிடித்த தண்ணீர்

ஈரக் கம்பளியின் வாடை எங்காவது மூக்கில் பட்டால் மற்றவர்களுக்கு மலை, மழை, தேநீர் என்று ஏதேதோ நினைவுக்கு வருமாம். எனக்குக் குமட்டல் வரும். காரணத்தை இத்தனை வருஷமும் வெளியே சொல்லாமல் மானத்தைக் காப்பாற்றி வந்தவன், இந்த ஜூன் மாதம் அடையாறில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு முன்னால், மைக் பிடித்து, நானே சொல்லித் தொலைத்தேன். குடியிருப்புக்காரர்கள் மழைக்காலத்தில் மலைக்குச் சுற்றுலா போவதாக இருந்தார்கள். மலையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பேச ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகக் கையைத் தூக்கினேன். மலை வாழ்க்கையில் என் தகுதி இவ்வளவுதான்: பத்து வயதில் என் மூக்குக்குள் ஓர் அட்டை ஏறக்குறைய ஒரு மாதம் குடியிருந்தது. அட்வான்ஸ் கிடையாது, வாடகை கிடையாது, சாப்பாடு மட்டும் என் செலவு.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பல குடித்தனங்கள் ஒரே முற்றத்தைப் பங்கு போட்டுக்கொண்ட வீட்டில் இருந்தோம். அம்மாவின் அண்ணனுக்கு வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் வேலை. "லீவுக்கு ஹில்ஸ் போறோம்" என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. அந்த வரிசைப்படியே எங்கள் குடும்பமும் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டியது. அப்பாதான் கடைசி வளைவு வரை தாக்குப்பிடித்தார். அவருக்கு மட்டும் ஜன்னலோர சீட் கிடைத்திருக்கவில்லை.

மாமாவின் வீட்டில் காய்ந்த பொருள் என்று ஒன்று இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. போர்த்திக்கொண்ட கம்பளி ஈரம், தலையணை ஈரம், தீப்பெட்டி ஈரம், உப்பு ஜாடிக்குள் உப்பு கஞ்சியாகக் கிடந்தது. துணிகளைக் கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து உலர்த்துவார்கள். சட்டையைப் போட்டால் நாமே சுட்ட கத்தரிக்காய் போல மணப்போம். கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், புல் வழியே போக வேண்டும். போய்வந்ததும் கால்விரல் இடுக்குகளைப் பார்ப்பேன். கறுப்பு நூல் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைப் பழமாகும். ஒரு குச்சி நுனியில் துணிப்பொட்டலமாக உப்பைக் கட்டி வாசலில் சாத்தி வைத்திருந்தார்கள். மாமாவின் மனைவியான அத்தை அதை வைத்து ஒரு தொடு தொடுவாள். அது சுருண்டு விழும். ரத்தம் மட்டும் நிற்காது.

அத்தைக்குச் சில சட்டங்கள் இருந்தன. "செருப்பைத் தட்டாம கால விடாதே." "அட்டையப் பிச்சு எடுக்காதே, அதுவா விழட்டும்." "ஓடையில மாடு மாதிரி வாய வெச்சுக் குடிக்காதே, கையில அள்ளிப் பார்த்துட்டுக் குடி." முதல் இரண்டையும் பயத்தில் கடைப்பிடித்தேன். மூன்றாவது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. நான் படித்த படக்கதைகளில் காட்டில் வழி தவறிய வீரர்கள் எல்லோரும் குப்புறப் படுத்துத்தான் ஓடையில் தண்ணீர் குடித்தார்கள். ஒருவனும் உள்ளங்கையில் அள்ளி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நானும் குப்புறப் படுத்து, மூக்கு வரை முக்கி, வீரனாகக் குடித்தேன்.

மயிலாப்பூருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடம் திறந்த பிறகு மூக்கிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. வலி கிடையாது. வகுப்பில் உட்கார்ந்திருப்பேன், நோட்டில் சொட்டும். அதைவிட மோசம், உள்ளே ஏதோ மெதுவாக இடம் மாறி உட்காருவது போல இருக்கும். சந்து முழுவதும் ஒரே முடிவுக்கு வந்தது: "சூடு." தலையில் எண்ணெயை ஊற்றினார்கள், வெந்தயத்தை ஊறவைத்துத் தின்னக் கொடுத்தார்கள், இளநீரும் நுங்குமாக என்னைக் குளிரவைத்தார்கள். உள்ளே இருந்தவருக்கும் அது ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், நன்றாக வளர்ந்தார்.

தி. நகரில் ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், ரத்தத்தைப் பரிசோதிக்கலாம், தேவைப்பட்டால் ரத்தம் வரும் இடத்தை உள்ளே சுட்டுவிடலாம் என்றார். பரிசோதனை என்ற சொல்லில் அம்மாவும், சுட்டுவிடலாம் என்ற சொல்லில் நானும் உட்கார்ந்துவிட்டோம். அன்று முதல் அம்மா என்னைத் திட்டுவதை நிறுத்தினாள். கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தாள். நான் சாகப்போகிறேன் என்பது அதிலிருந்துதான் எனக்கு உறுதியாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா தன் மகள் கோமதியைக் கண்ணாடி போடுவதற்காகச் சென்னைக்குக் கூட்டிவந்தார். என் வயதுதான், முறைப்பெண் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே எங்களைப் பகையாளிகளாக்கி வைத்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்த நிமிஷத்திலிருந்து அவள் தாவணி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டே இருந்தாள் என்று எழுத ஆசை; பாவாடை சட்டை போடும் வயதாகையால் கையால் பொத்திக்கொண்டாள். சாக்கடை நாறுகிறது, கொசு கடிக்கிறது, குழாய்த் தண்ணீர் உப்பு கரிக்கிறது, "இதுல எப்படீங்க அத்தை இருக்கீங்க?" என்று அம்மாவிடமே கேட்டாள்.

மத்தியானம் தயிர்சாதத்தில் என் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கோமதி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓடையில வாய வெச்சுக் குடிச்சயா?"

"இல்லியே."

"நெசமா?"

"நெசமா."

"அப்பச் சாவு" என்று சொல்லிவிட்டு ஊறுகாய் தொட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கௌரவத்துக்கும் உயிருக்கும் இடையே யோசித்துவிட்டு, "குடிச்சேன்" என்றேன்.

"மூக்குல அட்டை ஏறியிருக்குதுங்க அத்தை."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்தாரே, அவருக்குத் தெரியாதா?"

"வெளிச்சத்தக் கண்டா உள்ள ஓடிக்குமுங்க மாமா. ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சா அதுவா வரும். எங்கூர்ல மாட்டுக்கெல்லாம் அப்படித்தான் எடுப்பாங்க."

சத்தம் கேட்டு அடுத்த குடித்தனத்து ரிக்‌ஷாக்காரர் வந்துவிட்டார். சந்துக்கே அவர் "நைனா". "இன்னா பாப்பா, மூக்குல அட்டை கீதா? நாளைக்கு முதலை கீதும்பியா?" என்று சிரித்தார். ஆனாலும் வேடிக்கை பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

முற்றத்துக் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, என்னைக் குனியவைத்து, மூக்கு நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு பிடித்தாள் கோமதி. மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். உள்ளே அது அசைந்தது. இறங்கியது. தண்ணீரில் தெரிந்த என் நிழலில், என் மூக்கிலிருந்து, புழுப் போலக் கறுப்பாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அம்மா வீறிட்டாள். நைனா, "த்தூ, நெஜமாவே கீதுபா!" என்று எழுந்து நின்றார். அந்த முனை தண்ணீரைத் தொட்டது. தொட்ட வேகத்தில் சுருண்டு திரும்ப உள்ளே ஏறிவிட்டது. ஏறும்போது அது பிடித்துப் பிடித்துப் போன இடங்களை இன்றைக்கும் என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும்.

கோமதி முதன்முறையாகக் கலங்கிப்போனாள். "எங்கூர்ல வந்துருமுங்களே" என்றாள். அவள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு தடவை போட்டாள். இம்முறை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரி.

நைனாதான் பாத்திரத்தில் விரல் விட்டு நாக்கில் வைத்தார். "உப்புத் தண்ணி வெச்சிக்கினு கூப்டா எவன் வருவான்? நம்ம ஊட்டுக்கு விருந்தாளியே வர்றதில்ல. நல்ல தண்ணி வெய்யி தாயீ."

வாசலில் உப்புப் பொட்டலக் குச்சி வைத்துக்கொண்டு வளர்ந்தவளுக்கு, குழாய்த் தண்ணீரைக் குறை சொல்லியும், கிணற்றுத் தண்ணீரும் உப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றவில்லை. உப்புத் தண்ணீரிலேயே குளித்து வளர்ந்த எங்களுக்கு அட்டையின் ருசி தெரியவில்லை.

ஆனால் நல்ல தண்ணீர் என்றால் லாரித் தண்ணீர். அந்த வருஷம் லாரி வருவதே அபூர்வம். சமையலறையில் ஒரே ஒரு குடம், தட்டு போட்டு மூடி, அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்திருந்தாள் அம்மா. ஒரு வாரமாக எனக்காக அழுதுகொண்டிருந்தவள், ஓடிப்போய்க் குழவியை இறக்கி, தட்டை எடுத்து, அப்புறம் திரும்பிக் கேட்டாள்: "ஒரு சொம்பு போதுமா?"

போதுமாக இருந்தது. இந்த முறை அது தயங்கவே இல்லை. ஒரு விரல் நீளத்துக்கு இறங்கித் தண்ணீரில் தலையை ஆட்டியது. வழுக்கும் என்பதால் கோமதி பாவாடை நுனியை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள், இழுக்கவில்லை, அது அலுத்துப் பிடியை விடும்வரை சும்மா இருந்தாள். விட்டது. தரையில் போட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீரையே அதன்மேல் ஊற்றினாள். நான் முற்றத்து மூலையில் அன்று சாப்பிட்டதையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். பாத்திரத்தில் மிஞ்சிய நல்ல தண்ணீரை அம்மா வீணாக்காமல் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். அன்றிலிருந்து ரசத்தில் கறிவேப்பிலை கிடந்தால் எடுத்துப் போட்டுவிடுகிறேன். எங்களை முறை சொல்லிக் கேலி செய்வதும் அத்தோடு நின்றது. ஒருவனின் மூக்குக்குள் இருந்ததைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் கல்யாண ஆசை வரும்?

மொட்டை மாடியில் இதை நான் சொல்லி முடித்தபோது கேள்வி கேட்டவர் ஒரே ஒருவர்: ரிசார்ட்டில் வைஃபை வருமா? போன வாரம் எல்லோருமாகப் போனோம், நானும் போனேன். வளைவுகளில் இப்போது நிறுத்தி நிறுத்தி செல்ஃபி எடுக்கிறார்கள். ரிசார்ட் பாதையெல்லாம் சிமெண்ட். புல் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறப் பாய். "இங்க அட்டையே கிடையாது சார், மருந்து அடிச்சிருக்கோம்" என்று மேலாளர் பெருமையாகச் சொன்னார். நான் குப்புறப் படுத்த ஓடையைத் தேடிப் போனேன். பீர் பாட்டில், பிரியாணிப் பொட்டலம், குழந்தையின் டயப்பர். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம். வாய் வைப்பதிருக்கட்டும், கால் வைக்க முடியவில்லை. கொஞ்சம் மேலே ஏறி, கல்லைப் புரட்டி, இலையைப் புரட்டி அரைமணி நேரம் தேடினேன். ஓர் அட்டைகூட இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு அட்டையாவது கடிக்காதா என்று மழையில் நின்றேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

கோமதி இப்போது வேளச்சேரியில் இருக்கிறாள். கேன் தண்ணீர் குடிக்கிறாள், மழை வந்தால் வெள்ளத்துக்குப் பயந்து ஸ்கூட்டரை மேம்பாலத்தில் ஏற்றி வைக்கிறாள். திரும்பி வந்ததும் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அட்டை இருந்தவரை அது நல்ல தண்ணீர், உனக்குப் புரிகிறதா, நல்ல தண்ணீர் என்றதும் மூக்கை விட்டே இறங்கி வந்ததே, அப்படிப்பட்ட ஜீவன் அது, என்று சொன்னேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "அது தண்ணிக்காக இறங்கி வந்துச்சுன்னா இத்தனை வருஷமா நினைச்சிட்டிருக்கே? ஒரு மாசம் உன் மூக்குக்குள்ள இருந்துட்டு, தப்பிச்சாப் போதும்னு வந்துச்சு."