முடிவைச் சொல்லிவிடுகிற அண்ணன்

சாப்பாட்டுக் கொட்டகையின் சிமெண்டு பெஞ்சிலிருந்து, லேத் மெஷினில் இரும்பு கடைகிற டர்னர் அண்ணன் எழுந்து நின்று, சோற்றுக் கையைக்கூடக் கழுவாமல், “இந்தத் தடவ முடிவச் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்கிற காட்சி இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது. அந்தச் சத்தியம் சரியாக எட்டு நிமிடம் தாங்கும். ஒன்பதாவது நிமிடம் அவருக்குக் கண் கலங்கும், முடிவைச் சொல்லிவிடுவார். கொட்டகையே கைகொட்டிச் சிரிக்கும். முடிவு தெரிந்துபோன படத்தை யார் பார்ப்பார்கள்? அந்த வருடமும் அவர் படம் தோற்றுப்போகும்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் பம்புசெட்டுக்கான பாகங்கள் செய்கிற சின்னத் தொழிற்சாலை எங்களுடையது. முப்பது முப்பத்தைந்து பேர் வேலை பார்த்தோம். ஆயுத பூசையன்று மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் மற்ற கம்பெனிகளில் வழக்கம். எங்கள் முதலாளி சினிமாப் பைத்தியம். பூசை முடிந்ததும் ஷெட்டின் ஷட்டர்களை இறக்கி இருட்டாக்கி, வெள்ளைத் துணி கட்டி, ஆபீஸ் புரொஜெக்டரில் எல்லோருக்கும் ஒரு படம் போடுவார். என்ன படம் என்பதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பூசைக்கு முந்தைய பத்து நாட்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், நாளுக்கு ஒருவராக முறை வைத்து, தன் படத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம். கடைசி நாள் கை தூக்கல். இதற்குச் சட்டங்களும் உண்டு. தன் படத்தைப் புகழலாம், அடுத்தவர் படத்தைக் குறை சொல்லக் கூடாது. முடிவைச் சொல்லக் கூடாது. எந்தப் படத்துக்குப் பேசினோமோ அதற்குத்தான் கை தூக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளும் எங்களுக்குத் திருவிழாதான். காலையில் வில்லாபுரத்தில் கம்பெனி வேனில் ஏறும்போதே சண்டை ஆரம்பித்துவிடும். யாருடைய படத்தில் பாட்டு அதிகம், யாருடைய படத்தில் வில்லன் பாவம் என்று ஆளாளுக்குக் கத்துவதில் டிரைவர் இரண்டு முறை கப்பலூர் திருப்பத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். வெல்டிங் செய்கிற தம்பி ஒருவன் சண்டைக் காட்சியை நடித்துக் காட்டப்போய்ச் சாம்பார் வாளியைக் கவிழ்த்தான். அன்று எல்லோரும் மோர் ஊற்றித்தான் சாப்பிட்டோம். ஆனாலும் அவன் படத்துக்குப் பத்து கை விழுந்தது.

நான் அங்கே அளவு பார்க்கிறவள். கடைந்து வருகிற ஷாப்ட் என்கிற இரும்புத் தண்டை மைக்ரோமீட்டரில் அளந்து, சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு மை வைக்கிற வேலை. இதைவிட எனக்கு நன்றாக வருவது பேச்சு என்று எனக்கே ஒரு எண்ணம் இருந்தது. தொடர்ந்து மூன்று வருடம் நான் பேசிய படம்தான் ஜெயித்தது. அதில் ஒன்று, உண்மையைச் சொன்னால், மகா மட்டமான படம். அதையும் பேசியே ஓட்டினேன் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

டர்னர் அண்ணனுக்கு ஒரே படம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு மட்டும் எட்டு வருடம் அதே படத்துக்குப் பேசினார். அவர் சின்ன வயதில் வந்து, ஒரு வாரம்கூட ஓடாமல் போன படம். அதன் நாயகன் லேத்தில் கடைகிறவன். கோடையில் ஓர் ஊரின் குடிதண்ணீர் மோட்டாரில் ஷாப்ட் உடைந்துபோகிறது. இவன் புதிதாக ஒன்றைக் கடைந்து கொடுக்கிறான். அவ்வளவுதான் கதை. “மத்த படத்துல எல்லாம் மில்லுக்காரன்னா கொடி பிடிப்பான், இல்லாட்டி தீப்பொறி பறக்க நிப்பான். இதுல அவன் நெசமாவே கடையுறான்யா. இரும்புச் சுருளு நீலமா வருது. நடிக்கிறவன் கையில அது வராது” என்பார். அதைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தை விட்டதும் பரவையிலிருந்து பஸ் ஏறி வந்து லேத் பழகினாராம். அந்தப் படத்தை லேத் நிற்கிற ஷெட்டில், லேத் ஓட்டுகிறவர்களோடு உட்கார்ந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். அவர் கேட்டது இதைத்தான்.

மார்கழியில் அவர் ஓய்வு பெறவிருந்த வருடம், பூசைக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் மேசைக்கு வந்தார். ஒரு பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். இதுதான் கடைசி வருடம், நான் பேசினால் வாய் நிற்காது, நீ என் படத்துக்குப் பேசு, உன் படத்துக்கு நான் பேசுகிறேன், முறையை மாற்றிக்கொள்வோம் என்றார். படம் இதில் இருக்கிறது, மருமகன் எங்கெங்கோ தேடி எடுத்துக் கொடுத்தான் என்றும் சொன்னார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஓடாத படத்தை ஓட வைத்துக் காட்டுகிறேன் பார் என்கிற திமிர்தான் அதில் பாதி. சரி என்று வாங்கிப் பையில் போட்டேன்.

அந்த வருடம் நான் சொல்லியிருந்தது ஒரு சிரிப்புப் படம். ஒரே மண்டபத்தில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டார் வந்து இறங்கிவிடுகிற கதை. அதை அண்ணன் மூன்று தடவை பார்த்ததாகவும், மூன்றாவது தடவை அவர் மனைவி, எங்கள் மதினி, டிவி வயரையே பிடுங்கிவிட்டதாகவும் வேனில் பேசிக்கொண்டார்கள். நான் அவர் படத்தைப் பார்க்கவில்லை. எட்டு வருடம் காட்சி காட்சியாகக் கேட்ட கதைதானே, இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவர் ஒருநாள், “பாத்துட்டியா தாயி?” என்று கேட்டபோது, “ஓ, பாத்துட்டேன்ணே” என்று கூசாமல் பொய் சொன்னேன்.

என் முறை வந்தது. ஏழு நிமிடம் நான் பேசிய பேச்சை நானே மெச்சிக்கொண்டேன். வறண்டு கிடக்கிற ஊரைச் சொன்னேன். காலிக் குடங்களைச் சொன்னேன். நீலச் சுருள் விழுவதை விரலால் சுற்றிக் காட்டினேன். லேத்தில் நிற்கிற பையன்கள் சோற்றை மறந்து பார்த்தார்கள். முடிவுக்கு நாலடி முன்னால் சட்டென்று நிறுத்தினேன். அண்ணன் உள்ளங்கையைத் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது பேக்கிங் பிரிவு அக்கா, தன் பங்கு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, அந்தப் படத்துல பொம்பள யாருமே கிடையாதா?”

எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடத்தில் அண்ணன் லேத்தைச் சொல்லியிருக்கிறார், ஷாப்ட்டைச் சொல்லியிருக்கிறார், முடிவைச் சொல்லியிருக்கிறார். ஒரு பெண்ணைப் பற்றி வாயே திறந்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? “ஒரு தங்கச்சி இருக்காக்கா. அண்ணன் வேலைக்காகத் தன் வளையலக் கழட்டிக் குடுப்பா” என்று அடித்துவிட்டேன். எத்தனை படத்தில் பார்த்த வளையல்! பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் அலுத்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு அழுகைத் தங்கச்சியை நல்ல நாளும் அதுவுமாக யார் பார்ப்பது என்று அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். தொடையில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுபோயிருந்தது.

மாலை ஒரு ட்ரே நிறைய ஷாப்ட்டுகளை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். நான் தலை நிமிராமல் அளந்துகொண்டிருந்தேன்.

“அதுல தங்கச்சி யாரும் கிடையாது தாயி” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நாளைக்கு ஒம் படம். நல்லாப் பேசுறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேசினார். நான் மூன்று வருடம் ஜெயித்த பேச்சையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரிப் பேசினார். இரண்டு வீட்டார் அடித்துக்கொள்வதை அவர் சொல்லவே இல்லை, அதைத்தான் எல்லோரும் சொல்வோம். அவர் பிடித்துக்கொண்டது அந்தப் படத்தின் சமையல்காரனை. இரண்டு பக்கமும் மாறி மாறி அதட்ட, ஒரே அடுப்பில் இரண்டு கல்யாணத்துக்கும் சமைக்கிற ஆள். முன்னால் சண்டை நடக்கும்போது பின்னால் அவன் நிஜமாகவே வெங்காயம் நறுக்குகிறானாம், நிஜமாகவே உப்புப் பார்க்கிறானாம், ரசத்தில் கை சுட்டு உதறுவதுகூட நடிப்பில்லையாம். பத்துத் தடவை பார்த்த எனக்கு அந்த ஆளின் முகம்கூட நினைவில்லை. அண்ணனுக்கு எந்தப் படமானாலும் கண் போகிற இடம் அதுதான்: யார் வேலை செய்கிறான் என்று பார்ப்பார். பேச்சு முடிவை நெருங்கியதும் எல்லோரும் சிரிக்கத் தயாரானோம். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொட்டகையில் விசில் பறந்தது. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு முடிவைச் சொல்லாமல் விட்டார், அது என் படத்தின் முடிவு.

கை தூக்கியபோது அவர் படம் என் படத்திடம் ஒரே ஒரு கையில் தோற்றது. சட்டப்படி நான் அவர் படத்துக்குத் தூக்கினேன். சட்டப்படி அவர் என் படத்துக்குத் தூக்கினார். நான் எழுந்து, விட்டுக்கொடுக்கிறேன், அண்ணன் படத்தையே போடலாம் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெயித்த படத்தைத்தான் போட வேண்டும், நான் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறேன், அதையும் கெடுக்காதே என்று சிரித்தார். பூசையன்று முன் வரிசையில் உட்கார்ந்து, சமையல்காரன் வருகிற இடமெல்லாம் பின்னால் திரும்பி எல்லோருக்கும் காட்டினார். ஷெட் அதிர அதிரச் சிரித்தது. நான் அன்று சிரிக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பாதியில் வெளியே வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கைக்குட்டையைப் பிரித்தேன். வீட்டில் எல்லோரும் திருப்பரங்குன்றம் போயிருந்தார்கள். படத்தின் ஒவ்வொரு காட்சியும் அண்ணன் சொன்னபடியே வந்தது. அவர் சொல்லாதது நாற்பதாவது நிமிடத்தில் வந்தது. பட்டறையின் மூலையில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால், தலைமுடியை இழுத்துக் கட்டிய ஒரு பெண். கையில் மைக்ரோமீட்டர்.

நாயகன் கடைந்து கொண்டுவருகிற ஷாப்ட்டை அவள் அளந்து பார்த்து வேண்டாம் என்கிறாள். ஊரே தாகத்தில் கிடக்கிறது, முதலாளி கத்துகிறார், நாயகன் கத்துகிறான். முடியிழை அளவு வித்தியாசம், யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார்கள். அவள் சிவப்பு மை வைக்கிறாள். இரண்டாவதற்கும் வைக்கிறாள். மூன்றாவதை அளந்துவிட்டு, தன் முந்தானையால் எண்ணெயைத் துடைத்து அவன் கையில் கொடுக்கிறாள். நான் எந்தப் படத்திலும் என்னைப் பார்த்ததில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம் அண்ணனுடைய ஷாப்ட்டுகள் இருபதுக்குச் சிவப்பு மை வைத்தவள் நான். அன்று அவர் போட்ட சத்தத்தில் அழுதேன், ஆனால் மையை அழிக்கவில்லை. மறுநாள் இருபதையும் புதிதாகக் கடைந்து கொண்டுவந்து வைத்தார். இந்தப் பெண்ணைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் பேக்கிங் பிரிவு மொத்தமும் கை தூக்கியிருக்கும்.

உடனே அவருக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, படம் பாத்துட்டேன். இப்பத்தான்.”

“அந்தப் பிள்ளையப் பாத்தியா?”

“பாத்தேன்ணே. அவளப் பத்தி ஏன்ணே ஒரு தடவகூடச் சொல்லல?”

“நான் எப்புடிச் சொல்ல? எதிர்ல நீ ஒக்காந்திருக்க. பீஸ் ரிஜெக்ட் ஆகாம இருக்க ஐஸ் வைக்கிறான்டு சொல்லுவாய்ங்க. அதான் ஒங்கிட்டயே குடுத்தேன்.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். அதையெல்லாம் விடு என்று வெட்டிவிட்டார். “பாத்திருந்தா எப்புடிப் பேசியிருப்ப? அதச் சொல்லு.”

எழுந்து நின்றேன். ஆளில்லாத வீட்டில், போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் படத்துக்காகப் பேசினேன். அந்த மேசையைச் சொன்னேன், சிவப்பு மையைச் சொன்னேன். ஊரே எதிரில் நின்று கத்தும்போது அவள் அவசரப்படாமல் இன்னொரு தடவை அளப்பதைச் சொன்னேன். இப்படி மூச்சு வாங்க நான் எந்தப் படத்துக்கும் பேசியதில்லை. அவர் புதிதாகக் கேட்கிறவர் மாதிரி இடையிடையே ‘ம்’ மட்டும் கொட்டினார். முடிவு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். “அம்புட்டுத்தான்ணே. மிச்சத்தப் படத்துல பாருங்க” என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், கட்டாகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ தள்ளி, அடுப்படியிலிருந்து மதினியின் குரல் கேட்டது.

“எதுக்கு இப்ப ஒத்தக் கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறீக?”